லிஃப்ட்: ஒரு சொல்லுக்குள் இருக்கும் காற்று

மொழிபெயர்ப்பாக வந்த செய்தி ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். "இறக்குமதி மீதான தடையை அரசு உயர்த்தியது" என்ற வரியில் பேனா நின்றுவிட்டது. தடையை எப்படி உயர்த்துவது? முன்பைவிடக் கடுமையாக்கிவிட்டார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஆங்கில மூலத்தை எடுத்துப் பார்த்தேன். அங்கே இருந்த வினைச்சொல் 'லிஃப்ட்'. உண்மையில் அரசு தடையை நீக்கியிருந்தது. மொழிபெயர்த்த இளைஞரைக் கேட்டபோது, "லிஃப்ட் என்றால் தூக்கு, உயர்த்து என்றுதானே சார் அகராதியில் போட்டிருக்கிறது?" என்றார். போட்டிருக்கத்தான் செய்கிறது. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து இந்தச் சொல்லைப் பின்தொடர்ந்துகொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் பெட்டியை 'லிஃப்ட்' செய்யலாம். அதில் சிக்கல் இல்லை. மூடுபனி யாரும் தொடாமலே 'லிஃப்ட்' ஆகும், அதாவது கலையும். ஊரடங்கை 'லிஃப்ட்' செய்தால் மக்கள் வெளியே வருவார்கள். கடையில் சோப்புக் கட்டியை 'லிஃப்ட்' செய்பவர் திருடர். அடுத்தவர் கட்டுரையிலிருந்து நான்கு பத்திகளை 'லிஃப்ட்' செய்பவரும் அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி. தோட்டக்காரர் உருளைக்கிழங்கை 'லிஃப்ட்' செய்கிறார் என்றால் மண்ணைக் கிளறித் தோண்டி எடுக்கிறார். தடயவியல் நிபுணர் கண்ணாடி டம்ளரிலிருந்து கைரேகையை 'லிஃப்ட்' செய்கிறார். நடந்துபோகிறவருக்கு வண்டிக்காரர் 'லிஃப்ட்' கொடுக்கிறார். முகச் சுருக்கத்தை இழுத்துத் தைப்பதற்கும் இதே சொல், விமானத்தை வானில் தாங்கும் விசைக்கும் இதே சொல். இவற்றில் பாதிக்கு உயரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. பிறகு இவற்றையெல்லாம் கட்டிவைத்திருக்கும் கயிறு எது? அது இந்தச் சொல் பிறந்த இடத்தில் இருக்கிறது.

'லிஃப்ட்' ஆங்கிலத்தின் வீட்டுப் பிள்ளை இல்லை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. பழைய நார்ஸ் மொழியில் அது 'லிப்டா'. எழுத்தில் பகரம் இருந்தாலும் ஒலிப்பில் 'ஃப்' தான். அந்த வினைக்கு அடிப்படை 'லொஃப்ட்' என்ற பெயர்ச்சொல். அதற்குக் காற்று, வானவெளி, வீட்டின் மேல்தளம் என்றெல்லாம் பொருள் உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் பரணுக்கும் மாடியறைக்கும் வழங்கும் 'லாஃப்ட்' என்ற சொல் அதுவேதான். உயரே என்பதைக் குறிக்கும் 'அலாஃப்ட்' அதன் மகள். ஜெர்மன் மொழியில் காற்றுக்குப் பெயர் 'லுஃப்ட்'. லுஃப்தான்சா என்ற விமான நிறுவனத்தின் பெயரில் முன்பாதி அதுதான். ஆகவே லிப்டா என்ற சொல்லைப் பிரித்துப் பொருள் சொன்னால், 'காற்றில் ஆக்கு' என்று வரும். தரையில் இருந்ததைக் காற்றுக்கு உரியதாக்குவது. எவ்வளவு உயரம் என்ற கணக்கே அதில் கிடையாது.

'லொஃப்ட்' எப்படி 'லிஃப்ட்' ஆயிற்று என்பதும் பார்க்கத் தக்கது. ஆங்கிலம், ஜெர்மன், நார்ஸ் முதலியவை அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் ஒரு பெயரிலிருந்தோ பண்பிலிருந்தோ வினை உண்டாக்க வேண்டுமானால், முற்காலத்தில் இகர யகர ஒலி கொண்ட ஒரு விகுதியைப் பின்னால் சேர்ப்பார்கள். அந்த ஒலி தனக்கு முன்னால் இருக்கும் உயிரைத் தன் பக்கம் வளைக்கும். காலப்போக்கில் விகுதி தேய்ந்து மறைந்துபோகும். வளைவு மட்டும் மிஞ்சும். நிறைந்தது என்னும் 'ஃபுல்' இப்படித்தான் நிரப்பு என்னும் 'ஃபில்' ஆனது. உணவாகிய 'ஃபுட்' உணவூட்டும் 'ஃபீட்' ஆனது. இரத்தமாகிய 'பிளட்' இரத்தம் கசியும் 'பிளீட்' ஆனது. பள்ளிக்கூடத்தில் தனித்தனியாக மனப்பாடம் செய்த இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று தெரிந்துகொண்ட நாளில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

இந்த வடக்கத்திய சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்த கதை வன்முறையில் தொடங்கிக் குடித்தனத்தில் முடிகிறது. 793ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவில் இருந்த மடாலயத்தை, ஸ்காண்டிநேவியக் கடற்கொள்ளையரான வைக்கிங்குகள் சூறையாடினார்கள். 865இல் பெரும்படை ஒன்று கரையிறங்கியது. ஆங்கிலேய மன்னர் ஆல்ஃபிரடுக்கும் குத்ரம் என்ற டேனியத் தலைவருக்கும் இடையில் எல்லை உடன்பாடு ஏற்பட்ட பிறகு, இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வந்தவர்கள் நிலைத்துவிட்டார்கள். உழுதார்கள், பெண் எடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள். இரு தரப்பு மொழிகளும் பங்காளி மொழிகள் ஆனதால் பேச்சு ஓரளவு பிடிபட்டது. சொற்கள் வேலியைத் தாண்டின. முட்டை, தோல், கத்தி, கணவன் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் இன்று இருக்கும் சொற்கள் நார்ஸ் மொழியிலிருந்து வந்தவை. 'அவர்கள்' என்னும் பிரதிப் பெயரே அங்கிருந்து வந்ததுதான். சன்னலுக்கு உரிய 'விண்டோ'வும் அப்படியே: அதன் மூலப் பொருள் 'காற்றின் கண்'. பழந்தமிழில் சன்னலைக் 'காலதர்' என்றார்கள். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மொழிகள் சுவரில் ஓட்டை போட்டபோது ஒன்றையே நினைத்திருக்கின்றன.

'லிஃப்ட்' ஆங்கில எழுத்தில் 1200ஐ ஒட்டித் தலைகாட்டுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய ஆங்கிலத்திலேயே காற்றுக்கும் வானுக்கும் 'லிஃப்ட்' என்று ஒலிக்கும் ஒரு பெயர்ச்சொல் இருந்தது. லொஃப்ட், லுஃப்ட் ஆகியவற்றின் உடன்பிறப்பு. ஆனால் அதிலிருந்து தூக்குவதற்கு உரிய வினை ஆங்கிலத்தில் நிலைக்கவில்லை. வினையைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கினார்கள். வாங்கிய வினை வேரூன்றியது. சொந்தப் பெயர்ச்சொல் செத்துப்போனது. காற்று என்ற பொருளைப் பிரெஞ்சிலிருந்து வந்த 'ஏர்' எடுத்துக்கொண்டது. வானம் என்ற பொருளை 'ஸ்கை' எடுத்துக்கொண்டது. அதுவும் நார்ஸ் மொழியில் மேகத்தைக் குறித்த சொல். அப்படியானால் மேகத்துக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். பாறையையும் குன்றையும் குறித்துக்கொண்டிருந்த 'கிளவுட்' மேலே ஏறிக்கொண்டது. ஸ்காட்லாந்துக் கவிதைகளில் மட்டும் வானத்துக்கு 'லிஃப்ட்' என்னும் பெயர் வெகுகாலம் உயிரோடு இருந்தது.

இது வருவதற்கு முன் ஆங்கிலேயர்கள் பொருள்களைத் தூக்காமலா இருந்தார்கள்? அவர்களிடம் 'ஹெப்பன்' இருந்தது. இன்றைய 'ஹீவ்' அதன் வாரிசு. ஜெர்மன் மொழியில் அதன் உறவினரான 'ஹேபன்' இன்றும் அன்றாடச் சொல். தேநீர்க் கோப்பையைக்கூட அதை வைத்தே தூக்கலாம். ஆங்கிலத்தில் வந்தேறி வீட்டுக்குள் அமர்ந்துகொள்ள, சொந்தச் சொல் கொல்லைப்புறத்தில் மூட்டை சுமக்கப் போய்விட்டது. மூச்சைப் பிடித்து, முக்கி முனகித் தூக்கினால்தான் இப்போது 'ஹீவ்'. கனமானது என்னும் 'ஹெவி' இதே குடும்பம்: தூக்குவதற்குப் பாடுபட வேண்டியது எதுவோ அது கனமானது. கப்பல்காரர்கள் மூலம் வந்த 'ஹாய்ஸ்ட்' கயிறு கட்டி இழுத்து ஏற்றுவதற்கு. லத்தீனிலிருந்து வந்த 'எலிவேட்' கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு தூக்குவதற்கு.

'லிஃப்ட்' என்ற சொல்லுக்கு உண்மையான போட்டி 'ரெய்ஸ்'. அதுவும் நார்ஸ் வரவுதான். எழு என்று பொருள்படும் 'ரைஸ்' என்ற வினைக்கு அது பிறவினை. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. எழு, எழுப்பு. உயர், உயர்த்து. ஏறு, ஏற்று. தானே செய்வது தன்வினை, இன்னொன்றைச் செய்யவைப்பது பிறவினை. ஆங்கிலத்தில் இந்த முறை ஒருகாலத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது உட்கார், உட்காரவை என்பதற்கு 'சிட்', 'செட்', விழு, வீழ்த்து என்பதற்கு 'ஃபால்', 'ஃபெல்' என்று சில எச்சங்களே மீதி. ரைஸ் என்பதற்குச் சொந்த ஆங்கிலப் பிறவினை ஒன்றும் இருந்தது: 'ரியர்'. இரண்டுக்கும் மூலம் ஒன்றே. நார்ஸ் கிளையில் சகரம் சகரமாகவே நின்றது, ஆங்கிலக் கிளையில் ரகரமாக மாறியது. இருந்தான் என்பதற்கு 'வாஸ்', இருந்தார்கள் என்பதற்கு 'வேர்' என்று சகரமும் ரகரமும் இடம் மாறி நிற்கின்றன அல்லவா, அதே மாற்றம்தான். ஆக, ரெய்ஸ், ரியர் இரண்டும் ஒரு தாய் மக்கள். ஒன்று கடல் தாண்டி வந்தது, மற்றது ஊரிலேயே இருந்தது. பிள்ளைகளை 'ரியர்' செய்ய வேண்டும், பயிரையும் கால்நடையையும் மட்டுமே 'ரெய்ஸ்' செய்யலாம் என்று பழைய ஆங்கில ஆசிரியர்கள் அடித்துச் சொல்வார்கள். அமெரிக்கர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகளையும் ரெய்ஸ் செய்து வளர்த்துவிட்டார்கள். சொற்களின் பிறப்பைப் பார்த்தால் ஆசிரியர்கள் கட்சிக்குப் பலமில்லை.

பிறப்பு வேறாக இருப்பதால்தான் இரண்டின் குணமும் வேறாக இருக்கிறது. 'ரெய்ஸ்' என்பதற்குள் எழுந்து நிற்பது இருக்கிறது; எனவே மட்டம், வளர்ச்சி, நிமிர்வு எல்லாம் அதன் வீட்டுச் சொத்து. விலையை ரெய்ஸ் செய்வார்கள், குழந்தையை, சுவரை, குரலை, கேள்வியை, நிதியை, படையை ரெய்ஸ் செய்வார்கள். செத்தவரைக்கூட உயிர்ப்பித்து எழுப்புவதற்கு அதே சொல். 'லிஃப்ட்' என்பதற்குள் காற்று மட்டும் இருக்கிறது. எனவே அது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கீழே இருந்த பிடி விட்டுவிட்டதா? ஒரு கம்பத்தின் அடியைத் தரையிலேயே வைத்து நிமிர்த்தி நட்டால் அது ரெய்ஸ். அதே கம்பத்தை அப்படியே கிடைமட்டமாக ஓரடி மேலே எடுத்தால் லிஃப்ட். முன்னதில் முனை முப்பதடி உயரத்துக்குப் போயிருக்கலாம். ஆனாலும் அடி மண்ணில்தான் இருக்கிறது. பின்னதில் உயரம் ஓரடிதான். ஆனால் மண்ணோடு உறவு அறுந்துவிட்டது.

நாளேடுகள் இந்த எல்லையை அவ்வப்போது அழிக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். தலைப்பில் இடம் குறைவாக இருந்தால் விலையையும் 'லிஃப்ட்' செய்துவிடுவார்கள். முற்றுகை விஷயத்திலோ இரண்டு சொல்லும் ஒன்றாகிவிடும்: முற்றுகையை ரெய்ஸ் செய்தாலும் லிஃப்ட் செய்தாலும் முற்றுகை முடிந்தது என்றே பொருள். இதுவும் மொழிபெயர்ப்பாளர் விழும் குழிகளில் ஒன்று. போதாக்குறைக்கு, அதே 'ரெய்ஸ்' ஒலியில் இன்னொரு சொல் இருக்கிறது. சுரண்டு என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கு என்று பொருள். கட்டி எழுப்புவதும் இடித்துத் தள்ளுவதும் காதுக்கு ஒன்றே. எழுத்தைப் பார்க்காமல் செய்தி வாசிப்பைக் கேட்டு மட்டும் மொழிபெயர்ப்பவரை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது.

இவ்வளவையும் தமிழில் நாம் எப்படிச் சமாளிக்கிறோம்? 'ரெய்ஸ்' என்ற ஒரு சொல்லுக்கு நாம் பத்துப் பேரை வேலைக்கு வைத்திருக்கிறோம். கொடியை ஏற்றுகிறோம், விலையை உயர்த்துகிறோம், சுவரை எழுப்புகிறோம், பிள்ளையை வளர்க்கிறோம், நிதியைத் திரட்டுகிறோம், தலையை நிமிர்த்துகிறோம். 'லிஃப்ட்' என்பதற்கு மட்டும் ஏறக்குறைய அதே அகலத்தோடு ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது: தூக்கு.

தூக்கு என்பதன் உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? தூக்கம். அடங்கு அடக்கு ஆவதுபோல், இறங்கு இறக்கு ஆவதுபோல், தூங்கு என்ற தன்வினையின் பிறவினைதான் தூக்கு. தூங்கு என்பதற்குப் பழைய பொருள் தொங்கு, அசைந்தாடு என்பது. கூடு தொங்குவதால்தான் அந்தப் பறவை தூக்கணாங்குருவி. வானத்தில் தொங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்லப்படும் கோட்டையைப் பழைய இலக்கியம் 'தூங்கெயில்' என்கிறது. அதை அழித்த சோழன் 'தூங்கெயில் எறிந்த' என்ற அடைமொழியோடு வலம்வருகிறான். கோட்டை தூங்கி வழிந்தது என்று அங்கே யாரும் பொருள் கொள்வதில்லை. உட்கார்ந்தபடி கண்ணயர்ந்தவரின் தலை தொங்கி ஆடுவதிலிருந்து, உறக்கம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே தூக்கு என்றால் 'தொங்கச் செய்'. நார்ஸ்காரர் 'காற்றில் ஆக்கு' என்றார், தமிழர் 'தொங்கச் செய்' என்றார். இரண்டிலும் கால் தரையில் இல்லை.

அங்கிருந்து இரண்டு சொற்களும் கிளைவிடும் விதத்தைப் பாருங்கள். தராசைத் தொங்கவிட்டு எடை பார்ப்பதால் தூக்குதல் நிறுத்தல் ஆகிறது. பிறகு மனத்துக்குள் நிறுத்துப் பார்ப்பதும் ஆகிறது. குறள் 118இல் வரும் "சமன்செய்து சீர்தூக்குங் கோல்" அப்படிப்பட்ட தராசுதான். இன்றும் நாம் நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்க்கிறோம். லத்தீனிலும் தொங்குவதற்கும் நிறுப்பதற்கும் ஒரே வேர். ஆழ்ந்து யோசிப்பதைக் குறிக்கும் 'பாண்டர்' அங்கிருந்து வந்தது. ஆங்கில 'லிஃப்ட்' இந்தப் பக்கம் வரவில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு பக்கம் போயிற்று. அந்தப் பக்கம் நம் தூக்கும் போயிருக்கிறது. அது திருட்டு.

1520கள் முதல் 'லிஃப்ட்' திருட்டைக் குறித்து வருகிறது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போவதை அப்படித்தான் சொன்னார்கள். மாட்டை யாரும் தோளில் தூக்கிக்கொண்டு போவதில்லை. இருந்த இடத்தில் அது இல்லாமல் போவதுதான் இங்கே பொருள். 1590களின் தொடக்கத்தில் லண்டன் திருடர்களின் உத்திகளை அம்பலப்படுத்திச் சிறு வெளியீடுகள் எழுதிய ராபர்ட் கிரீன், கடைத் திருட்டை ஒரு முழுத் தொழிலாகவே வருணிக்கிறார். கடைக்குள் போய்ச் சரக்கை எடுப்பவன் 'லிஃப்ட்'. அதை வாங்கிக்கொள்பவன் 'மார்க்கர்'. வெளியே நின்று கொண்டுபோய்விடுபவன் 'சான்டர்'. திருடிய சரக்குக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'கார்பேஜ்', அதாவது கழிவு. இன்றைய 'ஷாப்லிஃப்டிங்' என்ற சொல்லுக்குப் பின்னால் இந்தக் கூட்டாளிகள் மூவரும் நிற்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜெர்மானியக் குடும்பத்தில் மறைந்துபோன பழைய கோதிக் மொழியில் திருடுவதற்கு 'ஹ்லிஃபன்' என்றொரு சொல் உண்டு. திருட்டுப் பித்துக்கு மருத்துவர்கள் வைத்த 'கிளெப்டோமேனியா' என்ற பெயரில் இருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு அது உறவு. ஒலி ஒத்திருப்பதால் லிஃப்டையும் அதனோடு முடிச்சுப் போடத் தோன்றும். வேர் வேறு, ஒலி ஒற்றுமை தற்செயல். திருடர்களின் லிஃப்ட், காற்றிலிருந்து வந்த அதே லிஃப்ட்தான். தமிழில் "நகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்" என்று சொல்ல நமக்குக் கோதிக் உறவு எதுவும் தேவைப்படவில்லையே.

1699இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: கடையிலிருந்து 5 ஷில்லிங்கோ அதற்கு மேலோ மதிப்புள்ள சரக்கை ரகசியமாக எடுத்தால் மரண தண்டனை. தமிழில் இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்: தூக்கினால் தூக்கு. ஆங்கிலத்தில் இந்தச் சிலேடைக்கு வழியில்லை, அங்கே தூக்குக்கயிற்றுக்கு வேறு சொல். இந்தச் சட்டம் நூறாண்டுக்கு மேல் உயிரோடிருந்தது. 1820களில்தான் கடைத் திருட்டுக்கு உயிரை வாங்குவது நின்றது. 1799இல் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் வசதியான அத்தை ஒருவர், பாத் நகரில் லேஸ் துணியைத் திருடியதாகக் கைதாகி மாதக்கணக்கில் காவலில் இருந்தார். அதன் மதிப்பு 20 ஷில்லிங். வழக்கு எதிராக முடிந்திருந்தால் சட்டப்படி அது உயிர் போகும் குற்றம். 1800இல் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

இனி அந்தத் தடைக்கு வருகிறேன். தடையை ஏன் 'லிஃப்ட்' செய்கிறார்கள்? தடை, ஊரடங்கு, முற்றுகை, தண்டனை, மூடுபனி, துயரம் ஆகியவற்றை ஆங்கிலம் மேலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும் சுமையாகவோ மூடியாகவோ பார்க்கிறது. மூடியை எடுத்தால் அதுவும் காற்றோடு போய்விடும், அடியில் இருந்தது மூச்சுவிடும். ஜெர்மன்காரர்கள் ரகசியத்தையே 'லுஃப்டன்' செய்கிறார்கள். காற்றோட்டத்துக்குச் சன்னலைத் திறப்பதற்கும், மரியாதைக்குத் தொப்பியைச் சற்றே எடுப்பதற்கும், மறைத்துவைத்ததை வெளிப்படுத்துவதற்கும் அந்த ஒரே வினை. தமிழில் தடை என்பது மேலே கிடப்பதில்லை, குறுக்கே நிற்கிறது. தடு என்ற வேரே அதைச் சொல்கிறது. குறுக்கே நிற்பதைத் தூக்கமாட்டோம். விலக்குவோம், நீக்குவோம், அகற்றுவோம். துயரச் சுமையை மட்டும் இறக்கிவைப்போம். ஆங்கிலத்தில் மேலே போய் மறைவது தமிழில் பக்கவாட்டில் நகர்கிறது, அல்லது கீழே இறங்குகிறது. அந்த இளைஞருக்கு அகராதி கொடுக்காமல் விட்டது இந்தத் திசையைத்தான்.

கட்டடங்களில் மேலும் கீழும் போகும் பெட்டிக்குப் பிரிட்டனில் 'லிஃப்ட்' என்றும் அமெரிக்காவில் 'எலிவேட்டர்' என்றும் பெயர் நிலைத்தது பலருக்கும் தெரிந்ததே. எலிவேட்டரின் லத்தீன் அடிப்படை 'லெவிஸ்'. கனமில்லாதது என்று பொருள். உயர்த்துவது என்பது அங்கே 'இலேசாக்குவது'. சமஸ்கிருத 'லகு' அதே குடும்பத்துச் சொல்; தமிழில் நாம் எழுதும் 'இலகு' அங்கிருந்து வந்ததுதான். ஆங்கிலத்தில் கனமில்லாததைக் குறிக்கும் 'லைட்' என்பதும் அதே வம்சம். நெம்புகோலாகிய 'லீவர்', நிவாரணமாகிய 'ரிலீஃப்' எல்லாம் அந்தக் குடும்பத்து ஆட்கள்.

எலிஷா ஓட்டிஸ் 1854இல் நியூயார்க் கண்காட்சியில் மேடையொன்றில் ஏறி நின்று, தன்னைத் தாங்கியிருந்த கயிற்றை வெட்டச் செய்து, விழாமல் நின்று காட்டினார். 1857இல் பிராட்வேயில் ஹாவ்வௌட் கடையில் அவருடைய நிறுவனம் பயணிகளுக்கான லிஃப்டைப் பொருத்தியது. அந்தக் கட்டடத்துக்கு ஐந்தே தளங்கள். கயிறு அறுந்தாலும் விழாது என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் கட்டடங்கள் வானத்தை நோக்கிப் போகத் துணிந்தன. இதற்குத் தமிழில் 'மின்தூக்கி' என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு வணக்கம். மற்ற மொழிகள் அந்தப் பெட்டி ஏறுவதைப் பார்த்தன. கயிற்றில் அது தொங்கிக்கொண்டிருப்பதைத் தூங்கு, தூக்கு என்ற வேர் தானாகவே சொல்லிவிடுகிறது.

ஆனால் 'லிஃப்ட்' தன் பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போனது விமானவியலில். ஜார்ஜ் கெய்லி என்ற ஆங்கிலேயர் 1799இல் சிறிய வெள்ளித் தகடு ஒன்றில், இறக்கையில் படும் காற்றின் விசையை இரண்டாகப் பிரித்துப் படமாகப் பொறித்தார்: மேலே தாங்குவது ஒன்று, பின்னுக்கு இழுப்பது மற்றொன்று. அந்தத் தாங்கும் விசைக்குத்தான் இன்று 'லிஃப்ட்' என்று பெயர், தமிழில் தூக்குவிசை. பெயரைக் கேட்டால் விமானத்தை மேலே ஏற்றும் விசை என்று தோன்றும். விமானம் சீரான வேகத்தில் நேர்கோட்டில் மேலேறிக்கொண்டிருக்கும்போது தூக்குவிசை அதன் எடையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். மூக்கை மேல்நோக்கிச் சாய்த்திருப்பதால் எடையின் ஒரு பங்கை எஞ்சினின் உந்துவிசை சுமக்கிறது. தூக்குவிசையின் வேலை காற்றில் தாங்கிவைத்திருப்பது. பந்தயக் காரின் இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தினால் அதே விசை காரைச் சாலையோடு அழுத்தும். பாய்மரப் படகின் அடியில் இருக்கும் தகட்டில் அதே விசை பக்கவாட்டில் வேலைசெய்யும். திசை மாறினாலும் பொறியாளர்களுக்கு அது லிஃப்ட்தான்.

விமானத்தில் ஆட்களையும் சரக்கையும் அவசரமாகக் கொண்டுபோவதற்கு 'ஏர்லிஃப்ட்' என்று பெயர். வேரைப் பிடித்துப் பார்த்தால் இது 'காற்றுக்காற்று'. 1948 ஜூனில் மேற்கு பெர்லினுக்குச் செல்லும் தரைவழிகளையும் நீர்வழிகளையும் சோவியத் ஒன்றியம் அடைத்தபோது, அந்த நகரின் 20 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு நிலக்கரியும் மாவும் மருந்தும் ஆகாயத்தில்தான் வந்தன. 1949 மே 12 அன்று அடைப்பு நீங்கியது. ஆனாலும் செப்டம்பர் வரை விமானங்கள் ஓயவில்லை. மொத்தம் 2,70,000க்கும் மேற்பட்ட நடைகள், சுமார் 23 லட்சம் டன் சரக்கு. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இதை ஏர்லிஃப்ட் என்றார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்த பெர்லின்காரர்கள் 'லுஃப்ட்ப்ரூக்க' என்றார்கள், காற்றுப் பாலம். அந்த அடைப்பு முடிந்ததை எழுதும் ஆங்கில நூல்கள் அதையும் 'லிஃப்ட்' ஆயிற்று என்றே எழுதுகின்றன.

மிச்சம் இருப்பது வழிப்போக்கருக்குக் கொடுக்கும் லிஃப்ட். 18ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பொருள் வந்துவிட்டது. கார் ஏது, பைக் ஏது? நடந்து சலித்தவரைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொள்வதுதான். இதில் உயர்வு என்று சொல்ல எதுவுமில்லை. வண்டி சமதரையில் நேராகத்தான் போகிறது, ஏறியவரும் போகிற இடத்தில் இறங்கிவிடுகிறார். இடைப்பட்ட தூரத்தில் அவர் கால் மண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் கைபேசி வழியாக வாடகைக் கார் அனுப்பும் நிறுவனம் ஒன்று 2012இல் இந்தச் சொல்லையே தன் சேவைக்குப் பெயராக வைத்தது; பார்வைக்குப் புதுமையாக இருக்கட்டும் என்று நடுவிலிருந்த 'ஐ' எழுத்தை எடுத்துவிட்டு 'ஒய்' போட்டது. பழைய ஆங்கிலத்தில் காற்று என்ற சொல்லை எழுதியதும் அந்த நான்கு எழுத்துகளில்தான்.